விழுகிற இடம்

மைசூரில் ஆட்டோ ஓட்டுகிறவனுக்கு ஆஸ்பத்திரி மாமியார் வீடு மாதிரி. வேண்டாமென்றாலும் போய்த்தான் ஆக வேண்டும். பிரசவ வலி எடுத்தவளை ஏற்றியிருக்கிறேன், பாம்பு கடித்தவனை ஏற்றியிருக்கிறேன், ஒரு பெண் குழந்தை என் பின்சீட்டிலேயே பிறந்திருக்கிறது. எதைக் கண்டும் அசரமாட்டேன் என்று எனக்குள் ஒரு திமிர் இருந்தது. பக்கத்து வீட்டுப் பழனாத்தாள் குழந்தைகள் வார்டில் அன்றைக்குச் சொன்ன ஒரு வார்த்தையில் அந்தத் திமிர் போய்விட்டது.

ஹெப்பாளில் தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரே ஓட்டுக்கூரைக்குக் கீழே நீளமாகக் கட்டிய லைன் வீடுகள். ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் நாலு வீட்டில் தும்முவார்கள். எனக்கு அடுத்த வீடு சித்தையனுடையது. காவிரி ஓரத்தில் காட்டை ஒட்டி இருக்கிற கோபிநத்தத்துக்காரன். வானம் பார்த்த பூமியில் விளைச்சல் இல்லாமல் பெண்டாட்டி பிள்ளையோடு இங்கே வந்து ஒரு வார்ப்படப் பட்டறையில் சேர்ந்தான். அச்சை உடைத்து, சூடு ஆறாத இரும்பைக் கொக்கியில் இழுத்து வெளியே போடுகிற வேலை. சாயங்காலம் வந்து உட்கார்ந்தால் கண்ணிமையில்கூடக் கருமணல் ஒட்டியிருக்கும். பேச்சு கம்மி. நான் பத்து வார்த்தை பேசினால் அவன் ஒரு 'ஆமாங்' சொல்வான். எங்கப்பன் ஆற்காட்டிலிருந்து வந்தவர், நான் மைசூரிலேயே பிறந்து கன்னடத்தில் பாதி, தமிழில் பாதி என்று வளர்ந்தவன். என் தமிழைக் கேட்டால் பழனாத்தாளுக்குச் சிரிப்பு வந்துவிடும். அவள் 'என்ற பையன்', 'உன்ற ஆட்டோ' என்று இழுப்பது எனக்குச் சிரிப்பு. அந்த மட்டில் சரிக்குச் சரி.

பழனாத்தாள் வீட்டிலிருந்தே ஊதுபத்தி உருட்டுவாள். மடிக்கு முன்னால் சாய்வுப் பலகை, பக்கத்தில் பிசைந்து வைத்த கரிமாவு. மூங்கில் குச்சியை வைத்து உள்ளங்கையால் ஒரு இழு, பத்தி தயார். கை ரெண்டும் எப்போதும் கறுப்பு. ஆடி மாதச் சாரலில் பத்தி காயாமல் போனால் அவளுக்குக் கோபம் வானத்தின்மேல் வரும். அவள் மகன் உதயகுமார் அந்தப் பலகையின் மறுமுனையில் உட்கார்ந்து விரலால் தாளம் தட்டிக்கொண்டே இருப்பான். ஊரில் அவன் தாய்மாமன் வேலாயுதம் கோயிலில் உடுக்கை அடித்துச் சாமி கதை பாடுகிறவன். மாமன் மாதிரியே உதட்டை மடித்து, கண்ணைச் சொருகி, பையன் பலகையைத் தட்டுகிற அழகுக்கே நான் வண்டியை நிறுத்திவிட்டு நின்று பார்ப்பேன்.

அந்தப் பையனுக்குத்தான் ரத்தத்தில் புற்று வந்தது.

முதல் தடவை வைத்தியத்தில் தேறிவிட்டான். முடியெல்லாம் முளைத்துப் பள்ளிக்கூடம்கூடப் போனான். அப்புறம் ஒருநாள் கால் எலும்பு வலிக்கிறது என்று உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. நோய் திரும்பிவிட்டது. வார்டில் இருந்த டாக்டரம்மா சின்னப் பெண், கன்னடக்காரி, நல்ல மாதிரி. இவர்களுக்குச் சந்தைக் கன்னடம் தெரியுமே தவிர ஆஸ்பத்திரிக் கன்னடம் தெரியாது. அதனால் நடுவில் நான் நின்றேன். அவள் ஒளிக்காமல் சொன்னாள். இந்தத் தடவை மருந்து கேட்டாலும் கேட்கும், பெரும்பாலும் கேட்காது. கொடுப்பதென்றால் முதுகெலும்புக்கு நடுவில் ஊசியை இறக்கி உள்ளே கொடுக்க வேண்டும், திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டும். வேண்டாமென்றால் வீட்டுக்குக் கூட்டிப் போகலாம், வலிக்கு மாத்திரை தருவோம், கடைசி வரைக்கும் பார்த்துக்கொள்வோம். யோசித்துச் சொல்லுங்கள் என்றாள்.

சித்தையன், வீட்டுக்குப் போய்விடலாம் என்றான். ஒரு வருஷத்தில் அவன் வாயிலிருந்து வந்த பெரிய பேச்சு அதுதான். பழனாத்தாள் அவனை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. என்னிடம் திரும்பினாள்.

“குத்தட்டுமுங்க சந்திரண்ணா. எத்தன வேணாலும் குத்தட்டும். எம்பையன் பொழச்சாப் போதும்னு சொல்லுங்க.”

சொன்னேன்.

முதுகு ஊசி போடுகிறதை நான் பார்த்திருக்க வேண்டாம். பையனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்காலை வயிற்றோடு சேர்த்து, தலையைக் குனியவைத்து அமுக்கிப் பிடிப்பார்கள். கடையில் விற்கிற முறுக்கு மாதிரி சுருண்டு கிடப்பான். அசையக்கூடாது. அசைந்தால் மறுபடி முதலிலிருந்து. காலைப் பிடிக்க ஆயா பசம்மா, தோளைப் பிடிக்கப் பெற்ற தாய். ஊசி இறங்குகிறபோது அவன் கத்தும் சத்தம் வராந்தா தாண்டி, கேட் தாண்டி, ஆட்டோ ஸ்டாண்டு வரைக்கும் வரும். மற்ற டிரைவர்கள் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொள்வார்கள். பழனாத்தாளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வராது. “ஆச்சு சாமி, ஆச்சு சாமி” என்று சொல்லிக்கொண்டே அமுக்குவாள். கல்நெஞ்சுக்காரி என்று பசம்மாவே என் காதுபட முணுமுணுத்தாள். வெளியே வந்தால் அந்தக் கல்நெஞ்சுக்காரி குழாயடியில் போய்க் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுப்பாள். அது பசம்மாவுக்குத் தெரியாது.

அந்த வார்டுக்கு அக்ரஹாரத்திலிருந்து யதுகிரியம்மாள் என்று ஒரு வயலின் டீச்சர் வருவார். மேல்கோட்டை ஐயங்கார் வீட்டுப் பெண்மணி. ஸ்கூட்டரில் வயலின் பெட்டியை முன்னால் நிறுத்திக்கொண்டு, மழைக்கோட்டு போட்டுக்கொண்டு வந்து இறங்குவார். நோயில் கிடக்கிற குழந்தைகளுக்கு ஊசி போடும்போதும் கட்டு மாற்றும்போதும் பக்கத்தில் நின்று வாசிப்பார். பாட்டில் மனசு போனால் வலி அந்த அளவுக்குத் தெரியாது, வெளிதேசத்தில் இதையே ஒரு வைத்தியமாகச் செய்கிறார்கள் என்பார். நான் முதலில் கேலி செய்தேன். ஆனால் ஒரு தீக்காயக் குழந்தை அவர் வயலின் வில்லைப் பார்த்துக்கொண்டே கட்டு மாற்ற விட்டதை என் கண்ணாலேயே பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

உதயகுமாரிடம் மட்டும் அந்த வயலின் பலிக்கவில்லை. ரெண்டு மூன்று தடவை வாசித்துப் பார்த்தார். பையன் காதைப் பொத்திக்கொண்டான். டீச்சருக்கு அதில் வருத்தமில்லை. அவனுக்குப் பழகின சங்கீதம் எது, வீட்டில் எதைக் கேட்டு வளர்ந்தான் என்று பழனாத்தாளை உட்காரவைத்து விசாரித்தார். மாமன் உடுக்கை என்று தெரிந்ததும், அவரையே வரச்சொல்லுங்கோ, அது உங்காத்துப் பாட்டு, அதுதான் அவனுக்கு மருந்து என்று சொல்லிவிட்டார்.

வேலாயுதம் வந்தான். அந்த வருஷங்களில் சந்தனக்கட்டைக் கடத்தல்காரனைத் தேடி அந்தக் காட்டு வழியில் பஸ்ஸை நிறுத்தி நிறுத்திச் சோதனை போடுவார்கள். பையிலிருந்த உடுக்கையை வெடிப்பொருள் மாதிரி எட்ட நின்று பார்த்த ஒரு போலீஸ்காரன், அடித்துக்காட்டு என்றானாம். இவன் ரோட்டிலேயே நின்று அடித்துக்காட்டி, அதற்குப் பிறகுதான் பஸ் நகர்ந்ததாம். ஒல்லியான ஆள், சுருட்டை முடி, காதில் சின்னக் கடுக்கன். கோயிலை விட்டு வெளியே பாடுகிற வழக்கமே இல்லை என்று முதலில் முரண்டு பிடித்தான். மருமகனின் காலைப் பார்த்தான். குச்சிக்குத் தோல் சுற்றின மாதிரி இருந்தது. பையிலிருந்து உடுக்கையை எடுத்தான்.

மற்றக் குழந்தைகள் பயந்துவிடக்கூடாது என்று உடுக்கையின் ஒரு முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, விரல் நுனியால் அடித்தான். முனகுகிற மாதிரி ஒரு சத்தம். அதன்மேல் அவன் குரல். சாமிமார் பிறந்தது, வளர்ந்தது, காடு வெட்டி ஊர் கட்டினது என்று கதை போய்க்கொண்டே இருந்தது. அன்றைக்கு ஊசி இறங்கினபோது உதயகுமார் கத்தவில்லை. அவன் விரல்கள் மட்டும் அம்மாவின் மணிக்கட்டில் தாளம் தட்டிக்கொண்டே இருந்தன. டாக்டரம்மா ஊசியை எடுத்த பிறகும் நம்பாமல் பையன் முகத்தைக் குனிந்து பார்த்தாள். யதுகிரியம்மாள் ஓரமாகப் போய் மூக்கைச் சிந்தினார். வெளியே வந்து எல்லாருக்கும் நான்தான் டீ வாங்கிக் கொடுத்தேன். சித்தையன் அன்றைக்குச் சிரித்தான். அவனுக்கு முன்பல் ஒன்று இல்லை என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

அதிலிருந்து ஊசி நாளுக்கெல்லாம் வேலாயுதம் முதல்நாளே வந்துவிடுவான். பழனாத்தாள் களி கிண்டி, கீரை கடைந்து தூக்குப்போசியில் கொண்டுவருவாள். பையனுக்கு வாயெல்லாம் புண். களியை மோரில் கரைத்துக் கொடுத்தால் ரெண்டு வாய் குடிப்பான். மீதியை மாமன் சாப்பிடுவான்.

ஒன்றை மட்டும் நான் கவனித்தேன். கதை ஒரு இடத்துக்கு வந்ததும் வேலாயுதம் டக்கென்று திருப்பிக்கொண்டு பழையபடி பிறந்த கதைக்கே போய்விடுவான். ஒரு நாள் ஆட்டோவில் வரும்போது, என்ன மாமா, கேசட் சிக்கிக்கொள்கிறதா என்று கிண்டலாகக் கேட்டேன். அவன் சிரிக்கவில்லை. அதற்கு மேல் படுகளம் என்றான். சாமிமார் சண்டைக்களத்தில் வெட்டுப்பட்டு விழுகிற இடம். கோயில் நோன்பில் வருஷத்துக்கு ஒருதரம், விரதம் இருந்துதான் அதைப் பாடுவார்களாம். பாடினால் கூட்டத்தில் நிற்கிற ஆட்கள் வெட்டின வாழை மாதிரி சாய்வார்களாம். அவர்களை வரிசையாகக் கிடத்தி வெள்ளை வேட்டி போர்த்துவார்களாம். மூச்சு ஓடும், நினைவு இருக்காது. குத்தினாலும் தெரியாது. பெற்றவளே ஆனாலும் அவர்களைத் தொடக்கூடாது. பிறகு எழுப்புகிற பாட்டைப் பாடி, ஒரு பொம்பளை தண்ணீர் தெளித்தால் ஒவ்வொருத்தராக எழுந்து உட்கார்வார்களாம்.

எழுப்பாமல் விட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

“உட்டா அப்புடியே போயிருவாங்க” என்றான் வேலாயுதம். “எங்கப்பாரு காலத்துல ஒருத்தன் போயிருக்கறான்.”

சும்மா பீலா விடாதே என்று நினைத்துக்கொண்டு கியரை மாற்றினேன். பின்சீட்டில் மாமன் மடியில் தலை வைத்துப் படுத்திருந்த பையன் முழித்துக்கொண்டுதான் இருந்தான். அவன் தொட்டிலில் கிடந்த காலத்திலிருந்து அந்த நோன்பைப் பார்த்து வளர்ந்தவன், அவனுக்கு ஒன்றும் புதிது இல்லை.

அன்றைக்குக் காலையிலிருந்தே மழை நசநசவென்று பிடித்துக்கொண்டது. வார்டுத் தரையெல்லாம் ஈரக்கால் தடம். உதயகுமாருக்கு எலும்பு வலி முந்தின நாளைவிட அதிகம், கட்டிலை யாராவது இடித்தாலே அலறினான். ஊசி முதல் குத்தில் சரியான இடத்துக்குப் போகவில்லை. பையன் விறைத்துப் போனான். டாக்டரம்மா உருவிவிட்டு மறுபடி குத்தினாள். அதிலும் நீருக்குப் பதில் ரத்தம்தான் வந்தது. அவளுக்கு நெற்றியெல்லாம் வியர்வை. வேலாயுதம் பாடிக்கொண்டேதான் இருந்தான், கதை அந்த எல்லைக்கு வந்தது, திருப்புவதற்காக ஒரு கணம் நிறுத்தினான். அந்த ஒரு கணத்தில் பையன் போட்ட சத்தம் இருக்கிறதே, பக்கத்துக் கட்டில் குழந்தைகளெல்லாம் சேர்ந்து அழ ஆரம்பித்துவிட்டன.

“நிறுத்தாதீங்கோ” என்றார் யதுகிரியம்மாள். “நிறுத்தறச்சேதான் அவனுக்கு வலிக்கறது. மேல போங்கோ.”

அவருக்கு அந்தக் கதையும் தெரியாது, அதன் எல்லையும் தெரியாது. பையன் தலையைத் திருப்பி மாமனைப் பார்த்தான். மேலே பாடு என்று உதடு மட்டும் அசைந்தது. வேலாயுதம் தங்கச்சியைப் பார்த்தான். அவள் வேண்டாமென்று தலையை ஆட்டினாள். டாக்டரம்மா மூன்றாவது ஊசியை எடுத்துக்கொண்டிருந்தாள். அதைக் கண்டதும் பையன் மறுபடி கத்தினான். அந்தக் கத்தல் தாங்காமல்தான் வேலாயுதம் எல்லையைத் தாண்டினான். துண்டு நழுவி விழுந்தது, உடுக்கை முழுச் சத்தத்தோடு அதிர்ந்தது. ஏதோ ஒரு குதிரை சாய்கிறது, வாள் நழுவுகிறது என்று பாட்டு போயிற்று. எனக்கே மயிர்க்கால் குத்திட்டு நின்றது.

பையன் அடங்கிவிட்டான். சுருண்டிருந்த கால் தானாக நீண்டது. கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. கண் பாதி மூடி நின்றது.

போய்விட்டான் என்றுதான் நான் நினைத்தேன். பசம்மா “ஐயோ தேவரே” என்று காலை விட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தாள். டாக்டரம்மா ஊசியைப் போட்டுவிட்டுக் கழுத்து நாடியைத் தேடக் கையை நீட்டினாள். அவ்வளவுதான், பழனாத்தாள் குறுக்கே பாய்ந்து கட்டிலை மறைத்துக்கொண்டு நின்றாள். ரெண்டு கறுத்த கையையும் அகல விரித்திருந்தாள்.

“ஆரும் தொடப்படாது. படுகளத்துல உளுந்திருக்கறான். தொட்டீங்கன்னா எம்பையன் வரமாட்டான். சொல்லுங்கண்ணா, அவங்ககிட்டச் சொல்லுங்க.”

நான் எதைச் சொல்ல? “முட்டபேடி மேடம், முட்டபேடி” என்று மட்டும் வாயில் வந்தது. தொடாதீங்க, தொடாதீங்க. அவள் என்னைப் பைத்தியக்காரனைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு, பழனாத்தாளைச் சுற்றிக்கொண்டு போனாள். அப்போது சித்தையன், இருக்கிற இடம் தெரியாமல் சுவரோடு நிற்கிற சித்தையன், டாக்டர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான். பழுத்த இரும்பை இழுக்கிற கை. அவள் திமிறிப் பார்த்தாள், முடியவில்லை.

அந்த நிலையிலும் அவள் கண் பையன் மேல்தான் இருந்தது. நெஞ்சு ஏறி இறங்குவதை அவள்தான் முதலில் கண்டுகொண்டாள். மூச்சு இருக்கிறது, சீராக இருக்கிறது, நிறம்கூட நன்றாக இருக்கிறது என்று என்னிடம் கன்னடத்தில் படபடவென்று சொன்னாள். உடம்பு இப்படித் தளர்ந்து கிடந்தால் ஊசி ஒரே தடவையில் போய்விடும், வலியும் தெரியாது, ரெண்டு நிமிஷம் விடச் சொல்லு, தயவு செய்து சொல்லு என்று கெஞ்சினாள். அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. நான் அப்படியே தமிழில் சொன்னேன். கூடவே என் பங்குக்கு, பாட்டால் வந்த மயக்கம்தானே பழனாத்தா, இதைப் போட்டுக்கொண்டால் இந்தத் தடவை தப்பித்தான் என்றும் சேர்த்துச் சொன்னேன். அவள் காதில் ஏறவில்லை.

“அண்ணா, எழுப்பு” என்றாள் வேலாயுதத்திடம்.

அவன் முகம் வெளுத்துப் போயிருந்தது. விரதமில்லை, கோயிலில்லை, ஆஸ்பத்திரித் தரையில் நின்று படுகளத்தைப் பாடிவிட்டோம் என்கிற பயம் அவனுக்கு. யதுகிரியம்மாளுக்கு என்ன நடக்கிறதென்று அரைகுறையாகத்தான் புரிந்தது. தான் சொன்னதால்தான் என்பது மட்டும் புரிந்துவிட்டது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வேலாயுதம் எழுப்புகிற பாட்டை எடுத்தான். குரல் உடைந்தது. இருமிக்கொண்டு மறுபடி எடுத்தான். பழனாத்தாள் கூஜாவிலிருந்து உள்ளங்கையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு மகன் தலைமாட்டுக்கு வந்தாள்.

“எழுப்பாதீங்க மாமா.”

பையன் குரல். கண்ணைத் திறக்கவில்லை.

உடுக்கை நின்றுவிட்டது. படுகளத்தில் விழுந்தவன் பேசமாட்டான். அது வேலாயுதத்துக்குத் தெரியும், பழனாத்தாளுக்கும் தெரியும். கள்ளப்பயல், அத்தனை பேரையும் ஏமாற்றிவிட்டானே என்று எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. பகவானே, உயிரோடு இருக்கிறானே என்கிற சிரிப்பு. சித்தையன் டாக்டர் கையை விட்டான்.

“எழுப்புனா மறுக்காக் குத்துவாங்க” என்றான் பையன். “இப்புடியே கெடந்தா ஆரும் தொடமாட்டாங்கல்ல? அம்மா, எழுப்ப வேண்டாம்னு நீ சொல்லும்மா.”

என் சிரிப்பு அப்படியே செத்துப்போயிற்று. டாக்டரம்மா என்ன சொல்கிறான் என்று என்னைக் கேட்டாள். சொன்னேன். அவள் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பழனாத்தாள் கையில் தண்ணீரோடு நின்றாள். விரலிடுக்கில் அது வழிந்து கட்டில் விரிப்பில் சொட்டியது. அத்தனை ஊசிக்கும் அவன் தோளை அமுக்கிப் பிடித்தவள் அவள். எத்தனை வேண்டுமானாலும் குத்தட்டும் என்றவள் அவள். ஒருத்தரும் அவளை அவசரப்படுத்தவில்லை. மீதித் தண்ணீரைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

“ஊசி இனி வேண்டாம்னு சொல்லுங்க சந்திரண்ணா” என்றாள். “வலி மாத்தரை தாரேன்னாங்களே, அதக் குடுக்கச் சொல்லுங்க. ஊட்டுக்குப் போறோம்.”

நான் கன்னடத்தில் சொன்னேன். டாக்டரம்மா திரும்பாமலே சரியென்று தலையை ஆட்டிவிட்டுக் கையுறையைக் கழற்றினாள். சித்தையன் தரையில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டான். சரி, முடிந்தது, இனி பையனை எழுப்பி ஆட்டோவில் ஏற்ற வேண்டியதுதான் என்று நான் சாவியைத் தேடினேன். பழனாத்தாள் அண்ணன் பக்கம் திரும்பினாள்.

“எழுப்பாதண்ணா. அந்த உளுகற எடத்தையே பாடு.”

வேலாயுதம் உடுக்கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

“அம்மிணி, எழுப்பாம உட்டா என்ன ஆவும்னு தெரிஞ்சுதாஞ் சொல்றியா?”

“தெரியுமுண்ணா. பாடு.”

அவன் ஆரம்பிக்கும் மட்டும் அவள் காத்திருந்தாள். பிறகு குனிந்து, ஊசிக்காகச் சுருட்டி மேலே ஏற்றியிருந்த பையன் சட்டையை முதுகு மறைய இறக்கிவிட்டாள்.